எண்ணிமக் கட்டுப்பாட்டு மாதிரித் தொடர்வண்டிகளில் ஒலியளவு

எண்ணிமக் கட்டளைக் கட்டுப்பாடு (டி.சி.சி.) எனும் முறையில் இயங்கும் மாதிரித் தொடர்வண்டி எஞ்சின்கள் ஓடுவதோடு நில்லாமல் ஒலியும் எழுப்புகின்றன. எஞ்சினின் உறுமல், ஊதல், நிறுத்தி விடுபடும் சீறல் முதலிய ஒலிகள், எஞ்சினுக்குள் பொருத்தப்பட்ட ஒரு சிறிய மின்னணுச் சுற்றிலிருந்து பிறக்கின்றன. இவற்றின் உரப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் திருகு ஒன்றைத் திருப்பிச் செய்யும் வேலை அன்று. எஞ்சினின் நினைவகத்தில் சில எண்களை மாற்றி எழுதுவதன் மூலம் இது செய்யப்படுகிறது. அந்த எண்கள் எவை, அவை எதைக் குறிக்கின்றன, அவற்றை எந்த அளவில் நிறுத்துவது என்பவை பற்றியது இக்கட்டுரை. எடுத்துக்காட்டுகள் தாம்பரத்தையும் அதை ஒட்டிய தென்சென்னைப் புறநகர்களையும் சார்ந்து தரப்படுகின்றன. மாதிரியாக்குவதற்கு ஏற்ற எஞ்சின் ஒலிகள் நிறைந்த தடம் அங்கே செல்கிறது. அந்த ஒலிகளை அடுக்குமாடி வீட்டின் ஓர் அறைக்குள் அடக்கவேண்டிய சிக்கலும் அங்கே உண்டு.

பின்னணி

பழைய மாதிரித் தொடர்வண்டிகளில் தண்டவாளத்துக்கு அளிக்கப்படும் நேர்மின்னோட்டத்தின் அழுத்தத்தைக் கூட்டினால் வண்டி விரைந்தது, குறைத்தால் மெதுவாயிற்று. ஒரே தடத்தில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டும் ஒன்றாகவே ஓடும். நின்றுகொண்டிருக்கும் எஞ்சினுக்கு மின்சாரமே கிடைக்காது. ஆகவே நிலையத்தில் நின்று உறுமும் டீசல் எஞ்சினின் ஒலியை அம்முறையில் எளிதில் உண்டாக்க இயலவில்லை.

எண்ணிம முறை இக்குறையை நீக்கியது. பிரித்தானியாவின் ஹார்ன்பி நிறுவனம் 1979-இல் 'சீரோ 1' எனும் அமைப்பை வெளியிட்டது. பின்னர் செருமனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரித் தொடர்வண்டிச் சங்கம் (என்.எம்.ஆர்.ஏ.) 1994-இல் டி.சி.சி. சீர்தரங்களை ஏற்றுக்கொண்டது. 1935-இல் தொடங்கப்பட்ட இச்சங்கத்தின் சீர்தரங்களினால், ஒரு நிறுவனத்தின் கட்டுப்படுத்தியைக் கொண்டு மற்றொரு நிறுவனத்தின் எஞ்சினை இயக்க முடிகிறது. ஓட்டத்தைப் பொறுத்தவரை இவ்வொற்றுமை ஏறத்தாழ முழுமையானது. ஒலியைப் பொறுத்தவரை அப்படியன்று என்பது கீழே விளங்கும்.

செயற்படும் விதம்

டி.சி.சி. முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அம்மின்னழுத்தம் விரைவாகத் திசைமாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வோர் அரைப்பகுதியும் ஏறக்குறைய 58 மைக்ரோ வினாடி நீடித்தால் அது '1' எனவும், ஏறக்குறைய 100 மைக்ரோ வினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது '0' எனவும் கொள்ளப்படும். இந்த 1-களும் 0-களும் சேர்ந்து கட்டளைப் பொதிகள் ஆகின்றன. ஒவ்வொரு பொதியிலும் எந்த எஞ்சினுக்கு உரியது எனும் முகவரியும், என்ன செய்யவேண்டும் எனும் கட்டளையும் இருக்கும். எஞ்சினுள் இருக்கும் குறிவிலக்கி தன் முகவரிக்கு வந்த பொதியை மட்டும் ஏற்றுச் செயற்படும்.

இவ்விடத்தில் பலரும் ஒன்றைத் தவறாக எண்ணுவதுண்டு. ஒலி தண்டவாளத்தின் வழியாக வருவதில்லை. 'ஊது' எனும் கட்டளை மட்டுமே வருகிறது. ஊதலின் ஒலிப்பதிவு ஏற்கனவே குறிவிலக்கியின் நினைவகத்தில் இருக்கிறது. கட்டளை கிடைத்ததும் குறிவிலக்கி அப்பதிவை எடுத்து, தன்னிடமுள்ள சிறு பெருக்கியின் மூலம் ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. எனவே கட்டுப்படுத்தியில் எங்கு தேடினாலும் எல்லா எஞ்சின்களுக்கும் பொதுவான ஒலியளவுத் திருகு கிடைக்காது. பத்து எஞ்சின்கள் இருந்தால் பத்து ஒலியமைப்புகள் இருக்கின்றன, பத்தையும் தனித்தனியே சரிசெய்யவேண்டும்.

சரிசெய்வதற்கான இடம் கட்டமைப்பு மாறி (சி.வி.) எனப்படும். குறிவிலக்கியின் நினைவகத்தை எண்ணிடப்பட்ட பெட்டிகளின் வரிசையாகக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒவ்வொரு பெட்டியிலும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணை எழுதிவைக்கலாம், மின்சாரம் நின்றாலும் அது அழியாது. சி.வி. 1 எஞ்சினின் குறுமுகவரியைக் கொண்டது. புதிய எஞ்சின்களில் இது வழக்கமாக 3 ஆக இருக்கும். சி.வி. 8 குறிவிலக்கியைத் தயாரித்தவரின் அடையாள எண்ணைக் கொண்டது. ஓட்டத்துக்கு அடிப்படையான இத்தகைய மாறிகளைச் சீர்தரம் வரையறுத்துவிட்டது. ஒலியளவுக்கான மாறியை அது அவ்வாறு பொதுவாக நிலைநிறுத்தவில்லை. தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் தத்தமக்கு வசதியான பெட்டியைத் தேர்ந்துகொண்டனர்.

முதன்மை ஒலியளவு

எல்லா ஒலிகளையும் ஒருசேரக் கூட்டிக் குறைக்கும் மாறி முதன்மை ஒலியளவு எனப்படும். செருமனியின் ஈ.எஸ்.யூ. நிறுவனத்தின் லோக்சவுண்ட் குறிவிலக்கிகளில் இது சி.வி. 63 ஆகும். நான்காம் பதிப்பிலும் ஐந்தாம் பதிப்பிலும் 0 முதல் 192 வரையிலும், முந்தைய 3.5 பதிப்பில் 0 முதல் 64 வரையிலும் எண்கள் ஏற்கப்படும். அமெரிக்காவின் சவுண்ட்டிராக்ஸ் நிறுவனத்தின் சுனாமி வகைகளில் இது சி.வி. 128, எல்லை 0 முதல் 255. பிராட்வே லிமிட்டட் நிறுவனத்தின் பாரகன் வகைகளில் சி.வி. 133. டிஜிட்ராக்ஸ் நிறுவனத்தின் ஒலிக் குறிவிலக்கிகளில் சி.வி. 58, அங்கே 0 முதல் 15 வரை மட்டுமே. பழைய கியூ.எஸ்.ஐ. வகைகளில் முதலில் சி.வி. 49-இல் 0 எழுதிவிட்டு, அதன்பின் சி.வி. 51-இல் ஒலியளவை எழுதவேண்டும். ஆஸ்திரியாவின் ஸிமோ நிறுவனம் சி.வி. 266-ஐப் பயன்படுத்துகிறது.

இவ்வெண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் இவற்றிலிருந்து இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது. முதலாவது, ஒரே மாறி வேறு குறிவிலக்கியில் வேறு பொருள் தரும். சி.வி. 133 பிராட்வே எஞ்சினில் முதன்மை ஒலியளவு. அதே மாறி லோக்சவுண்டில், சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது ஒலி மங்கவேண்டிய அளவைக் குறிப்பது. ஆகவே யாருடைய குறிவிலக்கி என்று தெரியாத எஞ்சினில் எதையும் எழுதுவதற்கு முன் சி.வி. 8-ஐப் படித்துப் பார்க்கவேண்டும். 151 எனக் காட்டினால் ஈ.எஸ்.யூ., 141 எனில் சவுண்ட்டிராக்ஸ், 145 எனில் ஸிமோ, 129 எனில் டிஜிட்ராக்ஸ், 113 எனில் கியூ.எஸ்.ஐ., 38 எனில் பிராட்வே. படிக்கலாம், ஆனால் சி.வி. 8-இல் எழுதக்கூடாது. பல குறிவிலக்கிகளில் அங்கே 8 என எழுதினால் எல்லா அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, முகவரியும் 3 ஆகிவிடும்.

இரண்டாவது, ஒரே எண் வேறு குறிவிலக்கியில் வேறு உரப்பைத் தரும். 100 எனும் எண் சுனாமியில் பாதிக்கும் குறைவான அளவு. ஸிமோவிலோ 64 என்பதே நூறு விழுக்காடாகக் கொள்ளப்படுகிறது. 100-ஐத் தாண்டினால் ஒலி உருக்குலையத் தொடங்கலாம். "நான் 100 வைத்திருக்கிறேன், நீங்களும் 100 வையுங்கள்" என்று நண்பருக்குச் சொல்லும் அறிவுரையால் பயனில்லை.

எண்ணும் காதும்

எண்ணைப் பாதியாக்கினால் ஒலி பாதியாகக் கேட்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. அவ்வாறு நடப்பதில்லை. எழுதப்படும் எண் ஒலியலையின் வீச்சுக்கு நேர்விகிதத்தில் இருப்பதாகக் கொள்வோம். 128-ஐ 64 ஆக்கினால் வீச்சு பாதியாகிறது, ஒலி மட்டம் 6 டெசிபெல் குறைகிறது. மனிதக் காதோ ஏறத்தாழ 10 டெசிபெல் குறைந்தால்தான் ஒலி பாதியாயிற்று என உணர்கிறது. அதற்கு வீச்சு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கவேண்டும், அதாவது 128-ஐ 40 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒலியளவைக் குறைக்கத் தொடங்குவோர் 128-ஐ 120 ஆக்கி, 110 ஆக்கி, வேறுபாடே தெரியவில்லை எனச் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. தொடக்கத்தில் பாதி பாதியாகக் குறைத்துச் சென்று, விரும்பிய அளவை நெருங்கிய பின்னரே சிறு மாற்றங்கள் செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எஞ்சின்களின் எண்ணிக்கை கூடும்போது ஒலி எவ்வாறு கூடுகிறது என்பதும் இதே கணக்கில் அடங்கும். ஒரே உரப்புடைய இரண்டு எஞ்சின்கள் சேர்ந்தால் மொத்த மட்டம் 3 டெசிபெல் உயரும், நான்கு சேர்ந்தால் 6 டெசிபெல். தனியாக ஓடும்போது சரியாக இருந்த எஞ்சினே, பணிமனையில் மூன்று தோழர்களுடன் நின்று உறுமும்போது காதை அடைக்கிறது. நான்கும் சேர்ந்து முன்பிருந்த ஒற்றை எஞ்சினின் அளவிலேயே ஒலிக்கவேண்டுமானால், ஒவ்வொன்றின் வீச்சையும் பாதியாக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த புதிய எஞ்சின் பெரும்பாலும் மிக உரக்க ஒலிப்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்கவேண்டும். இரைச்சல் மிகுந்த கடையில் ஒரே ஓர் எஞ்சினாகக் காட்டப்படும்போது பொருந்தும் உரப்பு, அமைதியான வீட்டில் பல எஞ்சின்களுக்கு நடுவே பொருந்துவதில்லை.

உண்மையான அளவு என்று ஒன்று உண்டா

மாதிரியை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கும் எச்.ஓ. அளவையில், ஒரு மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பவர் உண்மையான எஞ்சினை 87 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒப்பாவார். அப்படியானால் 87 மீட்டர் தொலைவில் உண்மை எஞ்சின் எவ்வளவு உரக்கக் கேட்குமோ, அவ்வளவே மாதிரியும் ஒலிக்கவேண்டும் என வாதிடலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். அமெரிக்க விதிகளின்படி எஞ்சினின் ஊதல் 100 அடி, அதாவது ஏறத்தாழ 30.5 மீட்டர் தொலைவில் 96 முதல் 110 டெசிபெல் வரை இருக்கவேண்டும். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்தோறும் 6 டெசிபெல் குறையும். அவ்வாறு பார்த்தால் 87 மீட்டரில் ஏறத்தாழ 87 முதல் 101 டெசிபெல். இதை அப்படியே அறைக்குள் கொண்டுவந்தால் யாரும் அங்கே உட்கார முடியாது. சிறு ஒலிபெருக்கியாலும் அதைத் தாங்க இயலாது.

எனவே உரப்பைச் சுருக்கவேண்டிய விகிதத்தை அளவுகோலிலிருந்து பெற முடியாது. அளவுகோல் சொல்லாததை ஒப்பீடு சொல்லும். ஊதல் எஞ்சினின் உறுமலைவிட எவ்வளவு ஓங்கியிருக்க வேண்டும், உறுமல் காற்றமுக்கியைவிட எவ்வளவு ஓங்கியிருக்க வேண்டும், ஓர் எஞ்சின் மற்றொன்றைவிட எவ்வளவு அடங்கியிருக்க வேண்டும் என்பவையே காதுக்கு உண்மைத்தன்மையைத் தருகின்றன. இவ்வுறவுகள் சரியாக இருந்தால் மொத்த உரப்பு மிகத் தாழ்ந்திருந்தாலும் மாதிரி நம்பும்படியாக ஒலிக்கும். உறவுகள் குலைந்திருந்தால் எவ்வளவு கூட்டினாலும் பொம்மை போலவே ஒலிக்கும்.

தாம்பரம் தடத்தின் ஒலிகள்

சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான தடம் 1931-இல் 1,500 வோல்ட்டு நேர்மின்னோட்டத்தில் இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் மின்மயமாக்கப்பட்ட முதல் மீட்டர் பாதை இதுவே. 1960-களில் தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை 25,000 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தில் மின்மயமாக்கப்பட்டது. பின்னர் கடற்கரைத் தடமும் அதே முறைக்கு மாறியது. சப்பானில் உருவாக்கப்பட்ட ஒய்.ஏ.எம்-1 மின் எஞ்சின்கள் இத்தடத்தில் மீட்டர் பாதை வண்டிகளை இழுத்தன. 6 உருளை ஆல்கோ எஞ்சின் கொண்ட ஒய்.டி.எம்-4 டீசல்களும் ஓடின. கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதைச் சேவை 2004-இல் முடிவுக்கு வந்தது. அகலப் பாதையில் 16 உருளைகளும் 2,600 குதிரைத்திறனும் கொண்ட டபிள்யூ.டி.எம்-2 வகை ஆல்கோ டீசல்கள் வந்தன. இன்று அவையும் பணியிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன.

ஆக, பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ வளர்ந்த ஒருவர் சிறுவயதில் கேட்ட எஞ்சின் ஒலிகளுட் பல இப்போது அத்தடத்தில் கேட்பதில்லை. மாதிரி ஒன்றில் அவ்வொலியை மீட்க விரும்புவோருக்கு ஒரு நற்செய்தி உண்டு. டபிள்யூ.டி.எம்-2-இல் இருந்த ஆல்கோ 251 எஞ்சின் அமெரிக்க எஞ்சின்களிலும் இருந்தது. ஆதலால் அமெரிக்க மாதிரிகளுக்காகத் தயாரிக்கப்பட்ட ஆல்கோ ஒலிக்கோப்பு, இந்திய எஞ்சினின் உறுமலுக்கும் பெருமளவு பொருந்தும். பொருந்தாதவை ஊதலும் மணியும். அமெரிக்க எஞ்சின்கள் பல சுருதிகள் ஒருங்கே ஒலிக்கும் ஊதியைக் கொண்டவை. இந்திய எஞ்சின்களில் உயர்ந்தது, தாழ்ந்தது என இரு சுருதி ஊதிகள் உண்டு. அமெரிக்க எஞ்சின்கள் நிலையத்துள் நுழையும்போது மணி அடிக்கும், இந்திய எஞ்சின்களுக்கு அவ்வழக்கம் இல்லை.

தனி ஒலியளவு மாறிகளின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. சுனாமி வகைகளில் சி.வி. 129 ஊதலுக்கும், சி.வி. 130 மணிக்கும், சி.வி. 131 எஞ்சின் ஒலிக்கும் உரியவை. சி.வி. 130-இல் 0 எழுதினால் மணி முற்றிலும் மறைந்துவிடும், கைதவறி விசையை அழுத்தினாலும் ஒலிக்காது. ஊதலை மாற்ற இயலாவிட்டால் அதைத் தாழ்த்திவிட்டு எஞ்சினின் உறுமலை முன்னிறுத்தலாம். லோக்சவுண்டில் தனி ஒலிகளை அணுகுவது சற்றுச் சுற்றுவழி. முதலில் சி.வி. 31-இல் 16, சி.வி. 32-இல் 1 என எழுதி நினைவகத்தின் உரிய பக்கத்தைத் திறக்கவேண்டும். பின்னர் சி.வி. 259 முதல் ஒலியிடத்தின் உரப்பையும், 267 இரண்டாவதையும், 275 மூன்றாவதையும் குறிக்கும். இவ்வாறு எட்டு எட்டாகக் கூடிச்செல்லும். எந்த இடத்தில் எந்த ஒலி இருக்கிறது என்பது ஒலிக்கோப்புக்கு ஏற்ப மாறும். ஈ.எஸ்.யூ. நிறுவனத்தின் நிரலேற்றக் கருவி இருந்தால் ஊதலின் பதிவையே மாற்றி, இந்திய ஊதலை ஏற்றிக்கொள்ளலாம்.

இன்று தாம்பரத்தில் மிகுதியாகக் கேட்பவை மின் எஞ்சின்களின் ஒலிகள். டபிள்யூ.ஏ.பி-4 வகையில் நின்ற நிலையிலும் குளிர்விக்கும் விசிறிகளின் பேரிரைச்சல் கேட்கும். மூன்று கட்ட மோட்டார்களைக் கொண்ட டபிள்யூ.ஏ.பி-7 வகையில், புறப்படும்போது மின்மாற்றுச் சுற்றுகள் எழுப்பும் ஏறுமுகமான கீச்சொலி தனித்துத் தெரியும். இவற்றில் டீசலுக்கு உரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஒரே சீரான விசிறி இரைச்சல் நீண்ட நேரம் தொடர்ந்தால் கேட்பவருக்குச் சலிப்பூட்டும். ஆதலால் மின் எஞ்சின் மாதிரிகளில் விசிறி ஒலியை டீசலின் உறுமலுக்கு வைப்பதைவிட வெகுவாகத் தாழ்த்தி வைப்பதே ஏற்றது.

ஊதல் குறுகிய நேரமே ஒலிப்பது, ஆகவே ஓங்கியிருக்கலாம் எனச் சிலர் கருதுவர். இந்தியத் தடங்களில் கடவுகளுக்கு முன் மஞ்சள் பலகை நட்டிருப்பார்கள். அதைக் கண்டதும் ஓட்டுநர் ஊதவேண்டும். பெருங்களத்தூரிலும் குரோம்பேட்டையிலும் முன்னர் கடவுகள் இருந்தன. அத்தகைய கடவு ஒன்றை மேசையின் மீது அமைத்துவிட்டால், சில அடித் தடத்தில் வண்டி ஒரு சுற்று வரும்தோறும் ஊதல் ஒலிக்கும். உண்மையில் கிலோமீட்டர் கணக்கில் இடைவெளியிட்டுக் கேட்பது, இங்கே அரை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். ஊதலைக் குறைப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

எழுதும் முறை

மாறிகளை எழுதுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நிரலேற்றத் தடம், மற்றொன்று பணித்தட நிரலேற்றம். நிரலேற்றத் தடம் என்பது கட்டளை நிலையத்தின் தனி முனைகளில் இணைக்கப்பட்ட, மற்றத் தடங்களிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு துண்டுத் தண்டவாளம். இங்கே மாறிகளைப் படிக்கவும் முடியும், எழுதவும் முடியும். படிக்கும்போது குறிவிலக்கி ஏறத்தாழ 60 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு கணம் இழுத்து 'ஆம்' என விடையளிக்கிறது. ஒலிக் குறிவிலக்கிகளில் மின்தேக்கிகள் பெரியவை. அவை நிரம்புவதற்கு இழுக்கும் மின்னோட்டத்தால் சில கட்டளை நிலையங்கள் குழம்பி, படிக்க இயலவில்லை எனக் காட்டும். அதனால் எஞ்சின் பழுது என முடிவுகட்டிவிடக் கூடாது.

நிரலேற்றத் தடத்தில் கட்டளைகள் முகவரி இன்றிச் செல்கின்றன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அங்கே எத்தனை எஞ்சின்கள் நின்றாலும் அத்தனையிலும் எழுதப்பட்டுவிடும். தனித் தடம் இல்லாத எளிய கருவிகளில், மாற்றவேண்டிய எஞ்சினைத் தவிர மற்றவற்றைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டே எழுதவேண்டும்.

ஒலியளவைப் பொறுத்தவரை பணித்தட நிரலேற்றமே மேலானது. இதில் எஞ்சின் வழக்கமான தடத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதன் முகவரியைத் தேர்ந்தெடுத்து எண்ணை மாற்றினால், மாற்றம் அக்கணமே காதில் விழும். எண்ணையும் ஒலியையும் இணைத்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. கணினி இணைப்புள்ளவர்கள் ஜே.எம்.ஆர்.ஐ. எனும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதன் டிகோடர்ப்ரோ பகுதி மாறிகளின் எண்களுக்குப் பதிலாக 'ஊதல்', 'மணி' போன்ற பெயர்களோடு நகர்த்துவிசைகளைத் திரையில் காட்டும். பழைய எண்களைச் சேமித்தும் வைக்கும். மென்பொருள் இல்லாதவர்கள் ஒரு குறிப்பேட்டில் ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மாற்றுவதற்கு முன் இருந்த எண்ணை எழுதிவைத்துக்கொள்வது நலம்.

நிரலேற்றம் இன்றியே கட்டுப்படுத்தியின் விசைகளால் ஒலியை ஆள்வதும் உண்டு. பல அமெரிக்க வகைகளில் எஃப்8 விசை ஒலியை முழுவதும் அடக்கும், ஐரோப்பிய வகைகளில் பெரும்பாலும் எஃப்1 விசை ஒலியைத் தொடக்கி நிறுத்தும். ஸிமோவில் சி.வி. 396, 397 ஆகியவற்றில் விருப்பமான விசைகளின் எண்களை எழுதினால், ஒன்று ஒலியைக் குறைக்கும், மற்றொன்று கூட்டும். விருந்தினர் வந்து பேசிக்கொண்டிருக்கும்போது இவ்வசதியின் அருமை தெரியும்.

இசைவு காணுதல்

பல எஞ்சின்கள் உள்ளவர்கள், அவற்றுள் மிக மெல்ல ஒலிக்கும் ஒன்றை அளவாகக் கொள்வது நல்லது. உரத்தவற்றை அதற்கு இறக்க முடியும். மெலிந்த ஒன்றை உரத்ததன் மட்டத்துக்கு ஏற்றினால் அதன் ஒலி உருக்குலையும். அளவு எஞ்சினை நிற்கவைத்து, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து கேட்கவேண்டும். எஞ்சினின் மேல் குனிந்துகொண்டு கேட்பது பயன் தராது. அடுத்த எஞ்சினை அருகில் நிறுத்தி, இரண்டையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு முதன்மை ஒலியளவை இறக்கிக்கொண்டு வரவேண்டும். உறுமல்கள் இசைந்த பின்னரே தனித்தனி ஒலிகளைத் தொடவேண்டும். கைப்பேசியில் உள்ள ஒலிமானிச் செயலிகள் துல்லியமானவை அல்ல. எனினும் ஒரே இடத்தில் வைத்து இரண்டு எஞ்சின்களை ஒப்பிடுவதற்கு அவை போதும்.

சென்னையில் இவ்வேலைக்கு ஓர் இடையூறு உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் அறையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும். அதன் இரைச்சல் எஞ்சினின் மெல்லொலிகளை மறைத்துவிடும். விசிறியின் கீழ் சரியாகத் தோன்றும்படி வைத்த ஒலியளவு, மார்கழிக் காலையில் விசிறியை நிறுத்தியதும் வீட்டையே எழுப்பும். மீனம்பாக்கம், திரிசூலம் பகுதிகளில் விமானங்களின் ஓசையும் இத்துடன் சேரும். விசிறியை நிறுத்தி, சன்னலை மூடி, புறவோசை அடங்கிய நேரத்தில் அளவை வைப்பதே முறை. சிறிது நேரம் வியர்ப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒலிபெருக்கி

ஒலி மெலிந்தோ கரகரத்தோ கேட்டால் எண்ணைக் கூட்டுவதே பலருக்குத் தோன்றும் முதல் வழி. பெரும்பாலும் குறை எண்ணில் இல்லை, ஒலிபெருக்கியில் உள்ளது. ஒலிபெருக்கியின் சவ்வு முன்னோக்கி அசையும்போது முன்புறம் காற்று அழுந்துகிறது, பின்புறம் விரிகிறது. இவ்விரண்டு அலைகளும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதைத் தடுக்க ஒலிபெருக்கியின் பின்புறம் காற்றுப் புகாத சிறு பெட்டியால் மூடப்படுகிறது. அப்பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் ஒலி மெலியும். முதன்மை ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றுவதைவிட, அவ்விடைவெளியைப் பசையால் அடைப்பது கூடுதலான பயனைத் தரும்.

கைப்பேசிகளுக்காக உருவான, சர்க்கரைக் கட்டி அளவேயான ஒலிபெருக்கிகளை இப்போது பலர் பொருத்துகின்றனர். அளவுக்கு மீறிய தெளிவு அவற்றில் உண்டு. ஆனால் ஆல்கோ எஞ்சினின் அடித்தொனியைத் தரும் அளவுக்கு அவற்றால் காற்றை அசைக்க இயலாது. எண்ணைக் கூட்டினால் அடித்தொனி வராது, நடுத்தொனி மட்டுமே எரிச்சலூட்டும்படி ஓங்கும். இடமிருந்தால் பெரிய ஒலிபெருக்கி வைப்பதே தீர்வு. மாற்றும்போது மின்மறுப்பைக் கவனிக்கவேண்டும். லோக்சவுண்ட் 3.5 வகைக்கு 100 ஓம் ஒலிபெருக்கி தேவை. அதில் 8 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் குறிவிலக்கியின் பெருக்கி கெட்டுவிடக்கூடும்.

ஒலி விட்டுவிட்டு வந்தாலோ, எஞ்சின் தொடக்க ஒலி நடுவில் மீண்டும் கேட்டாலோ அது ஒலியளவின் குறை அன்று. தூசியும் ஈரப்பதமும் மிகுந்த கடற்கரை நகரில் தண்டவாளத்திலும் சக்கரத்திலும் அழுக்குப் படிந்து, மின்சாரம் கணநேரம் அறுபடுகிறது. தண்டவாளத்தைத் துடைப்பதும், கூடுதல் மின்தேக்கி பொருத்துவதும் இதற்கான மாற்று.

அண்டை வீடு

இந்தியாவின் ஒலி மாசு (ஒழுங்குபடுத்தலும் கட்டுப்படுத்தலும்) விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என வரம்பிட்டுள்ளன. இரவு என்பது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியார் இடத்தில் பயன்படும் ஒலிக்கருவியின் ஓசை அவ்விடத்தின் எல்லையில் இவ்வரம்பை 5 டெசிபெல்லுக்கு மேல் மீறக்கூடாது என 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. மாதிரித் தொடர்வண்டியின் மீது யாரும் இவ்விதியை ஏவப்போவதில்லை என்றாலும், எவ்வளவு ஒலி பிறருக்குத் தொல்லை என்பதற்கு இவ்வெண்கள் நல்ல அளவுகோல். மேலே கணக்கிட்ட 'உண்மையான' ஊதலை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் தனி வீடுகள் இருந்த மனைகள் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. ஒரு வீட்டின் தரையே கீழ்வீட்டின் கூரை. இத்தகைய கட்டடங்களில் காற்றின் வழியே செல்லும் ஒலியைவிடப் பொருளின் வழியே செல்லும் அதிர்வே தொல்லை தருவது. மாதிரித் தடம் அமைந்த ஒட்டுப்பலகை ஒரு மத்தளத்தின் தோல் போல அதிரும். அவ்வதிர்வு மேசைக்கால் வழியாகத் தரையில் இறங்கும். அறையில் இருப்பவருக்கு மெல்லக் கேட்கும் டீசல் உறுமல், கீழ்வீட்டில் எங்கிருந்து வருகிறது எனத் தெரியாத முனகலாகக் கேட்கக்கூடும். தாழ்ந்த அதிர்வெண்கள் சுவரையும் தரையையும் எளிதில் ஊடுருவுவதால், ஊதலைக் குறைத்துவிட்டு உறுமலை அப்படியே விட்டுவிடுவது அண்டை வீட்டாருக்குப் பெரிதும் உதவாது. தண்டவாளத்தின் கீழ் தக்கை அல்லது நுரைத் தகடு இடுவதும், மேசைக்கால்களின் கீழ் ரப்பர்த் துண்டுகள் வைப்பதும் அதிர்வைக் குறைக்கும். இவற்றைச் செய்த பின்னர் ஒலியளவை மீண்டும் ஒருமுறை சரிபார்க்கவேண்டும். பலகையின் அதிர்வு அடங்கியதும் சில எஞ்சின்கள் முன்னைவிட மெலிந்து ஒலிக்கும். அப்போது அவற்றின் எண்ணைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம்.